தொழுமரம் எங்கே போயிற்று?

2024 ஜூலை 1ஆம் தேதியோடு நாம் அடிமைச் சட்டத்திலிருந்து விடுபட்டுவிட்டோமாம். இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாயிற்று. வெள்ளைக்காரன் தண்டிப்பதற்குச் சட்டம் போட்டான், நாங்கள் நியாயம் வழங்கப் போட்டிருக்கிறோம் என்று தில்லியில் பேசினார்கள். நியாயம்! சேரியில் பிறந்தவனுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே முதுகு கூசும். ஊர் கூடி ‘நியாயம்’ பேசியபோதெல்லாம் தண்டம் கட்டியதும் காலில் விழுந்ததும் யார் என்று நமக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் கோர்ட்டைப் புறக்கணித்துப் போராடினார்கள். சட்டத்தின் பெயர் வாயில் நுழையவில்லை, இந்தித் திணிப்பு, சமஸ்கிருதத் திணிப்பு என்றார்கள். உண்மைதான். ஆனால் நிறையப் பேருக்குக் கோபம் பெயரோடு நின்றுவிட்டது. அந்த நாட்களில் சட்டக்கல்லூரி மாணவத் தோழர்கள் சிலர் கூடிப் பேசிய இடத்தில் நானும் இருந்தேன். ஒரு தம்பி சொன்னான்: “மெக்காலே சட்டமே நல்லாத்தான இருந்துச்சு தோழர். சாதி பாக்காத சட்டம்.” இன்னொருவன், “அதுவும் நம்மள ஒடுக்குன சட்டந்தான், காலனியச் சட்டம்” என்றான். இரண்டு பேரும் அரை மணி நேரம் மோதிக்கொண்டார்கள். நான் குறுக்கே புகுந்து ஒன்றே ஒன்று கேட்டேன். தொழுமரம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? ஒருவருக்கும் தெரியவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை, எப்படித் தெரியும்?

என் பாட்டனார் அதைப் பார்த்தவர். ஊர்ச்சாவடி ஓரத்தில் கிடக்கும். இரண்டு கனத்த மரங்கள், இரண்டையும் சேர்த்தால் நடுவில் ஓட்டை. காலை உள்ளே விட்டு மேல்மரத்தைப் பூட்டிவிட்டால் ஆள் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். வெயிலானாலும் மழையானாலும். அவர் சின்னப் பையனாக இருந்தபோதே அது உளுத்துப்போய்த்தான் கிடந்ததாம். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது பெரியவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள் என்பார். “மரம் உளுத்துப்போச்சுடா, பயம் உளுக்கல” என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

இது ஏதோ ஒரு மிராசுதார் தன் இஷ்டத்துக்குச் செய்துவைத்த கொடுமைக் கருவி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை தோழர்களே, இது சட்டம். சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆவது ஒழுங்குவிதி. கிராமத் தலைவரைப் போலீஸ் அதிகாரியாக ஆக்கிய விதி அது. அதில் என்ன சொல்லியிருக்கிறது? வாய்ச்சண்டை, சின்ன அடிதடி போன்ற அற்ப வழக்குகளில் குற்றம் செய்தவனைக் கிராமத் தலைவர் 12 மணி நேரத்துக்கு மேற்படாமல் சாவடியில் அடைத்துவைக்கலாம். ஆனால் அவன் கீழ்ச்சாதிக்காரனாக இருந்தால், அதாவது இவ்வளவு இழிவான தண்டனையைக் கொடுப்பது தகாது என்று சொல்ல முடியாத சாதிக்காரனாக இருந்தால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம்.

இதை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். குற்றம் ஒன்றுதான். இரண்டு பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒருவனுக்குச் சாவடித் திண்ணை, இன்னொருவனுக்கு மரம். நேரத்தைப் பார்த்தால் நமக்கு ஏதோ சலுகை மாதிரி இருக்கும், 12-க்கு 6! ஆனால் இந்தத் தண்டனையில் நேரமா முக்கியம்? வலியா முக்கியம்? பார்க்கப்படுவதுதான் முக்கியம். பெண்டாட்டி பிள்ளை பார்க்க, ஊர் பார்க்க, போகிற வருகிற மாடு பார்க்கக் கிடக்க வேண்டும். ஊர்க்காரனை அப்படிக் கிடத்தினால் அவன் மானம் போய்விடும், ஆகவே அது தகாது. சேரிக்காரனுக்குப் போவதற்கு மானமே இல்லை, ஆகவே தகும். சட்டத்தின் தர்க்கம் இதுதான். முதலில் இழிந்தவன் என்று வைத்துக்கொள்வது, பிறகு இழிந்தவன்தானே என்று இழிவுபடுத்துவது.

இதைப் போட்டது வெள்ளைக்காரன்தானே என்று தேசபக்தர்கள் துள்ளுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த 1816 ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் தாமஸ் மன்றோ. சென்னையில் தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். குதிரைக்குச் சேணம் விட்டுப்போனதைப் பற்றி நூறு கதை சொல்வோம், அவர் நம் காலில் பூட்டியதைப் பற்றி ஒரு வரி பேசமாட்டோம். வங்காளத்தில் காரன்வாலிஸ் கொண்டுவந்த முறை அந்நியமானது, இந்த மண்ணின் பழைய கிராம அமைப்பிடமே அதிகாரத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது மன்றோவின் வாதம். பழைய அமைப்பு என்றால் யார்? மணியக்காரன், பட்டாமணியம், மிராசு. அவர்கள் கையில் ஏற்கனவே சாட்டை இருந்தது. கம்பெனி அதற்குக் கீழே ஒரு எண்ணைப் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. ஆக, இது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த சட்டமல்ல, அக்ரகாரத்திலும் வெள்ளாளர் தெருவிலும் விளைந்து இங்கிலீஷில் எழுதப்பட்ட சட்டம். காலனி நீக்கம் செய்கிறோம் என்று இன்று கிளம்பியிருக்கிறவர்களே, இதில் காலனியை நீக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று சொல்லுங்கள்.

சரி, மெக்காலேவுக்கு வருவோம். நம் தோழர்களிலேயே சிலர் அவரைக் கொண்டாடுகிறார்கள். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பறையனைக் கொன்றாலும் பார்ப்பானைக் கொன்றாலும் ஒரே பிரிவு, ஒரே தண்டனை என்று இந்த மண்ணில் எழுதப்பட்டது சின்ன விஷயமில்லை. மனு எழுதியது வேறு கணக்கு. கொன்றவன் யார், செத்தவன் யார் என்று பார்த்துத் தட்டில் எடை போடுகிற கணக்கு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் பார்ப்பான் கொலை செய்தாலும் தூக்குத்தண்டனை கிடையாது. அந்த வகையில் 1860-இல் நிறைவேறி 1862 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்த தண்டனைச் சட்டம் ஒரு உடைப்புதான்.

ஆனால் அதைச் சுற்றி என்னென்ன சட்டம் வந்தது என்று சேர்த்துப் பாருங்கள். 1843-இன் 5ஆவது சட்டம், அடிமைமீது உடையவனுக்குள்ள உரிமையை இனி கோர்ட்டு ஏற்காது என்றது. அடிமை வைத்திருப்பது குற்றம் என்று சொல்லவில்லை. அதைக் குற்றமாக்கியது தண்டனைச் சட்டத்தின் 370, 371ஆம் பிரிவுகள். இடையில் கிட்டத்தட்ட 19 வருஷம். தஞ்சாவூர்ப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவனுக்கு 1843-இல் யார் போய்ச் சொன்னார்கள், நீ இனி அடிமை இல்லை என்று? இந்தக் கதவு முழுசாகத் திறப்பதற்குள் இன்னொரு கதவைச் சாத்தினார்கள். 1859-இன் 13ஆவது சட்டம். முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராமல் போனால் அது குற்றம், 3 மாதம் வரை கடுங்காவல். கடன் பாக்கிக்கு சிவில் கோர்ட்டுக்குத்தானே போக வேண்டும்? முதலாளி முதலாளிக்குக் கடன்பட்டால் அப்படித்தான். கூலிக்காரன் பட்ட கடனுக்கு மட்டும் ஜெயில். நீலகிரியிலும் ஆனைமலையிலும் எஸ்டேட் துரைமார்கள் இந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். மலை ஏறிய அந்தக் கூலிகளில் பெரும்பகுதி நம்மவர்கள். 1926 வரை இந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. அடிமைமுறை குற்றமானபோது, அடிமை ஓடிப்போவதும் குற்றமாகவே இருந்தது. மெக்காலேயின் புத்தகத்தை மட்டும் படித்தால் இது தெரியாது.

தண்டனைச் சட்டம் வந்ததும் தொழுமரத்தை அடுப்பெரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சமம் என்கிற பெரிய சட்டம் மேலே, கீழ்ச்சாதிக்கு மரம் என்கிற சின்ன விதி கீழே. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இரண்டும் ஒரே மாகாணத்தில் ஒரே ஏட்டில் இருந்தன. ஒன்றையொன்று உறுத்தவில்லை.

போலீஸ் எப்படி வந்தது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரிவசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் ஜனங்களை என்னென்ன செய்தார்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கிற கிட்டி. கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கிற அண்ணாந்தாள். வரி வாங்குகிறவனே போலீசாகவும் இருந்ததுதான் கோளாறு என்று சொல்லி, 1859-இன் 24ஆவது சட்டத்தால் தனிப் போலீஸ் படை அமைத்தார்கள். தாசில்தாரிடமிருந்து லத்தி பிரிந்தது. ஆனால் கிராமத்தில்? கிராம முன்சீப்பு அப்படியே இருந்தார். பரம்பரைப் பதவி. அவருக்குக் கீழே தலையாரி, வெட்டியான். கிராமத்தில் கொலை விழுந்தாலும் கொள்ளை போனாலும் முதல் வாக்குமூலம் பல இடங்களில் முன்சீப்பிடம் போய், அவர் எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பி, அதற்குப் பிறகுதான் வழக்கு. முன்சீப்பின் மச்சான் அடித்தான் என்று முன்சீப்பிடமே போய்ச் சொல்ல வேண்டும். அவர் திண்ணைக்குக் கீழே நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. இந்தப் பரம்பரை மணியம் முடிவுக்கு வந்தது 1980-இல்தான், எம்.ஜி.ஆர். ஆட்சியில், அவசரச் சட்டம் போட்டு. அப்புறம்தான் வி.ஏ.ஓ. வந்தார். சட்டப்புத்தகத்தில் சமத்துவம் வந்து 118 வருஷம் கழித்து!

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் பேச வேண்டும். குற்றவியல் சட்டம் நம்மை மட்டும் மிதிக்கவில்லை. 1911-இன் குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது குறவர்களையும் கள்ளர்களையும் இன்னும் எத்தனையோ பேரையும் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியல் போட்டார்கள். கைரேகை எடுப்பது, ராத்திரியில் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொல்வது, வெளியூர் போகச் சீட்டு வாங்கச் சொல்வது. இதை எதிர்த்து நின்றதற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்துப்போனார். அந்த ஊருக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் பரம்பரையில் வந்த இளைஞர்களிடம் கேட்கிறேன்: ரேகைச் சட்டத்தின் வலி தெரிந்த நீங்கள், உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறவனைப் பிறவியிலேயே தாழ்ந்தவன் என்று சொல்ல வாய் எப்படி வருகிறது? உங்களை வெறும் பிறப்பை வைத்துக் குற்றவாளி ஆக்கினார்கள். எங்களையும் அதே பிறப்பை வைத்துத்தானே? பட்டியல் கிழிந்ததும் ஒருவன் ஊர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டான், இன்னொருவன் சேரியிலேயே நின்றான். அந்தச் சட்டத்தை 1947-இல் சென்னை மாகாணம் ரத்து செய்தது, அதற்கான போராட்டத்தில் பல கட்சித் தலைவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் மறுவருஷமே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சாதிப் பெயர் போயிற்று, ‘வழக்கமான’ என்ற சொல் வந்தது. ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோக்களைப் பாருங்கள். அந்தச் சொல் யாரைத் தேடிக்கொண்டு போயிருக்கிறது என்று தெரியும்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் நமக்காகப் போடப்பட்ட சட்டங்களும் உண்டு. அவற்றை யாரும் தானமாகத் தரவில்லை. 1938-இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம். பிறகு அரசமைப்பின் 17ஆவது பிரிவு. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். அந்த 1955 சட்டத்தின் ஓர் அழகைச் சொல்கிறேன்: நீதிமன்றம் அனுமதித்தால் ராஜி செய்துகொள்ளலாம்! ஆண்டையும் பண்ணையாளும் ராஜியாகப் போவார்களாம். பண்ணையாளுக்கு மறுநாள் காலையில் எங்கே கஞ்சி என்று கேட்க யாருமில்லை. 1976-இல் அதைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றியபோதுதான் ராஜிக்கு வழி அடைபட்டது. அப்புறம் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1990 ஜனவரி 30 முதல் அமல், விதிகள் 1995-இல். இன்றைக்கும் நம் ஊர்களில் எந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டாலும் ‘பி.சி.ஆர். கேசு’ என்றுதான் பேர். சாதி இந்துக்கள் அந்த மூன்றெழுத்தை ஏதோ கெட்ட வியாதியின் பெயர் மாதிரி உச்சரிப்பார்கள்.

சட்டம் இருந்தது, கையில் வந்ததா? 1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும், ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். அதே டிசம்பர் 25-இல்தான், 1927-இல், மகத்தில் அம்பேத்கர் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970-இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதாரர்களுக்கு 10 ஆண்டு கொடுத்தது. உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. காரணம் என்ன தெரியுமா? இவர்கள் பெரிய நிலக்காரர்கள், பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள். இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய் நெருப்பு வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டமாம். நண்பர்களே, 1816 விதி என்ன சொன்னது? இன்ன சாதிக்கு இன்ன தண்டனை தகாது. இந்தத் தீர்ப்பு என்ன சொல்கிறது? இன்ன ஆளுக்கு இன்ன குற்றமே தகாது. மரம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தீர்ப்பில் சாதி என்ற சொல் வர வேண்டிய அவசியமே இல்லை.

1989 சட்டத்தின் கொடுக்கே 3(2)(5) என்கிற உட்பிரிவு. 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தை ஒரு தலித்துக்கு எதிராகச் செய்தால் ஆயுள் தண்டனை. ஆனால் அதில் ஒரு சொற்றொடர் வைத்தார்கள்: அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ‘என்ற காரணத்தால்’ செய்திருக்க வேண்டும். எத்தனையோ வழக்கு இந்தச் சொற்றொடரில் வழுக்கி விழுந்தது. மேலவளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது. நிற்காதே என்றார்கள். முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டினார்கள். தலைவரின் தலையைத் தனியே எடுத்துப் போனார்கள். இதற்குச் சாதி காரணமில்லை என்றால் இந்த உலகத்தில் எதற்குத்தான் சாதி காரணம்? 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, ஆனால் கொலைக்குற்றப் பிரிவில்தான். வன்கொடுமைச் சட்டம் நிற்கவில்லை. அந்த 17 பேரிலும் 3 பேரை 2008-இல் அண்ணா நூற்றாண்டென்றும் 13 பேரை 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டென்றும் அரசு முன்கூட்டியே விடுவித்தது. திராவிடக் கட்சிகள் இரண்டுக்கும் இதில் சண்டை இல்லை. அந்தச் சொற்றொடரை 2015 திருத்தம்தான் மாற்றியது. இன்னார் என்று தெரிந்தே செய்திருந்தால் போதும் என்று. 2016 ஜனவரி 26 முதல் அமல். அதற்கு முன் செத்தவர்களுக்கு?

கோர்ட்டை விடுங்கள், அது கடைசிப் படி. முதல் படியைச் சொல்கிறேன், பலமுறை நின்று பார்த்தது. எங்கள் பக்கத்தில் ஒரு ஊர். டீக்கடைத் தகராறு, நம் பையன்கள் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு அவர்களின் தாத்தாவோடு ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்துவிட்டு எஸ்.ஐ. வரட்டும் என்றார்கள். ராத்திரி 9 மணிக்கு எஸ்.ஐ. வந்து, “யோவ் பெருசு, அவனுவளும் குடுத்துருக்கானுவ. ரெண்டு பக்கமும் போட்டா ஒன் பேரனுவ படிப்பு என்னாவுறது? ராஜியாப் போங்க” என்றார். பெரியவர், “அய்யா, அடி வாங்குனது நாங்கய்யா” என்றார். கடைசியில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்கள். வழக்குப் பதிவு இல்லை, புகார் வந்தது என்பதற்கான துண்டுச்சீட்டு. மூன்று நாள் கழித்து உட்கார்ந்து மறியல் செய்தபிறகு வழக்கு எண் விழுந்தது. பார்த்தால் எங்களுக்கு முந்தின எண்ணில் அவர்கள் புகார் நிற்கிறது! அதில் நம் ஆட்கள் 14 பேர், பேர் சொல்லி. எங்கள் புகாரில் இரண்டு பேர் ‘மற்றும் சிலர்’. மண்டை உடைந்த பையன் அவர்கள் வழக்கில் முதல் குற்றவாளி. அந்த 14 பேரில் ஒருவன் அன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலையில் இருந்தான்.

இந்த எதிர்வழக்கு என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் இந்த மாநிலத்தில் வன்கொடுமைச் சட்டத்தை முறிக்கிற முதல் ஆயுதம் இதுதான். இரண்டு வழக்கையும் எதிரெதிரே நிறுத்தி, நீ வாபஸ் வாங்கு அவனும் வாங்குவான் என்று 1976-இல் அடைத்த ராஜிக் கதவைப் பின்பக்கமாகத் திறப்பது. அதற்கும் மசியாவிட்டால் ‘பொருண்மைப் பிழை’ என்று எழுதி மூடுவது. புதுக்கூரைப்பேட்டையில் 2003-இல் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட இருவரை விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். லோக்கல் போலீஸ் என்ன செய்தது? செத்த தலித் பையனின் பக்கத்து ஆட்களையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்கியது. சி.பி.ஐ. வந்த பிறகுதான் அது உடைந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தபோது அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். 18 வருஷம் ஆயிற்று. வாச்சாத்தி மலைவாழ் மக்களுக்கு 1992-இல் நடந்த கொடுமைக்கு 2011-இல் தீர்ப்பு வந்தது. 269 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள், அதற்குள் 54 பேர் செத்துவிட்டார்கள், மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. வழக்கை விடாமல் இழுத்துப்போனவர்கள் இருந்தால் சட்டம் கடிக்கும் என்பதற்கு இவை சாட்சி. ஆனால் கடிக்க இரண்டு பத்தாண்டு எடுத்துக்கொள்கிற சட்டம், நம்மைக் கடிக்க இரண்டு மணி நேரம்கூட எடுப்பதில்லை.

இந்த லட்சணத்தில், 2012-இல் தருமபுரி நத்தம் காலனியைக் கொளுத்திய அதே காலத்தில், இந்தச் சட்டத்தைத் தலித்துகள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், திருத்து என்று இங்கே ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். 2018 மார்ச் 20 அன்று உச்சநீதிமன்றமும் அதே பாஷையில் பேசி, முன்விசாரணை வேண்டும், கைதுக்கு அனுமதி வேண்டும் என்றது. ஏப்ரல் 2 பாரத் பந்த்தில் உயிர்களைக் கொடுத்து 18ஏ பிரிவை வாங்கினோம். வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிற பிரிவு.

இப்போது புதுச் சட்டத்துக்கு வருகிறேன். புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3): மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனையுள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை செய்துவிட்டு அப்புறம் வழக்கைப் பதியலாம். 18ஏ தனிச்சட்டம், அதுவே மேலோங்கும் என்று வக்கீல் தோழர்கள் சொல்வார்கள். சரியான வாதம்தான். ஆனால் ராத்திரி 9 மணிக்கு அந்தப் பெரியவரிடம் எஸ்.ஐ. எந்தப் பிரிவைச் சொல்வார்? 14 நாளில் எத்தனை ராஜி பேசலாம்?

அடுத்து 43(3). கைவிலங்கு. யாருக்கெல்லாம் பூட்டலாம் என்ற பட்டியலில் முதலில் நிற்பவன் ‘வழக்கமான’ குற்றவாளி. அந்தப் பழைய சொல் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. சந்தேகப்பட்டவனிடம் நன்னடத்தை ஜாமீன் வாங்கும் பழைய 109-உம் 110-உம் 128, 129 என்று நம்பர் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவதுதான் எல்லோரும் முற்போக்கு என்று கைதட்டியது: சமூக சேவை ஒரு தண்டனை. சின்னக் குற்றங்களுக்கு, ஜெயிலுக்குப் பதிலாக, சமூகத்துக்குப் பயன்படும் வேலை செய்ய வேண்டும். கூலி கிடையாது. கூலி கிடையாத வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? வெட்டி. அதைச் செய்தவன் பெயர் வெட்டியான். நூற்றாண்டு நூற்றாண்டாக ஊருக்குச் சமூக சேவை செய்துகொண்டிருந்தவர்கள் நாம்தான்! இந்தத் தண்டனையில் யாருக்கு லைப்ரரியில் புத்தகம் அடுக்கும் வேலை, யாருக்கு ஆஸ்பத்திரிக் கக்கூஸ் கழுவும் வேலை என்று பங்கு போடும் கை யாருடையது? பயப்படக் காரணம் இருக்கிறது. 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்சநீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்துத் துப்புரவு வேலையும் சமையல் வேலையும் பிரிக்கும் விதிகளைச் செல்லாது என்றது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதியில் அடைத்ததை, மோதல் வராமல் தடுக்க என்று சொல்லி நம் உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்ததையும் அந்தத் தீர்ப்பு சாடியது. சுதந்திரம் வந்து 77 வருஷம் கழித்து, 1816 விதியின் அதே வேலை: ஒரே குற்றம், சாதிக்கொரு இடம்.

கடைசியாக வேங்கைவயல். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. நோயில் விழுந்தவர்கள் குழந்தைகள். பாதிக்கப்பட்ட மக்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை வந்தது. குற்றவாளிகள் என்று சொல்லப்பட்ட மூன்று பேரும் அதே ஊர்த் தலித்துகள். உடனே வழக்கு வன்கொடுமைச் சட்டத்துக்கான தனி நீதிமன்றத்திலிருந்து சாதாரண மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனது. அந்த மூவர் செய்தார்களா இல்லையா என்பது சாட்சியத்தில் தெரியட்டும், அதை நான் தீர்மானிக்க முடியாது. நான் பார்ப்பது வழக்கு நகர்ந்த பாதையை. தண்ணீர் குடித்தவன் புகார்தாரன், பிறகு சந்தேகத்துக்குரியவன், பிறகு குற்றவாளி. எங்கள் ஊரில் மண்டை உடைந்தவன் முதல் குற்றவாளி ஆனதும் இதே பாதையில்தான்.

அந்தக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது மெக்காலே பக்கம் பேசிய தம்பி கேட்டான்: “அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க தோழர்?” நீ பரீட்சைக்குப் படிக்கிற சட்டம் பகலில் நடக்கிறது, நமக்கு நடக்கிற சட்டம் ராத்திரி 9 மணிக்கு ஸ்டேஷனில் நடக்கிறது, அங்கே வா என்றேன். 18ஏ-யையும் 1995 விதிகளில் 7ஆவது விதியையும், புலனாய்வு அதிகாரி டி.எஸ்.பி.க்குக் குறையக் கூடாது என்கிற விதியையும், தமிழில் ஒரு தாளில் எழுதி எடுத்துவரச் சொன்னேன். சி.எஸ்.ஆர். சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பாதே, வழக்கு எண் விழுகிறவரை பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திரு என்றேன்.

“உக்கார விடுவாங்களா?” என்று கேட்டான்.

விடமாட்டார்கள். எங்களை வெளியே மரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். பெரியவருக்கு 71 வயது, நாலு மணி நேரம் நின்றார். உள்ளே ஊர்க்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.